கடல்நீர்த் தொட்டியில் ஒட்டுண்ணி நோய்: ஓர் அறிவியல் தமிழ் நோக்கு

முன்னுரை

சேர்வராயன் மலையும் கஞ்சமலையும் கொல்லிமலையும் எல்லை காட்ட, மேட்டூர் அணையின் காவிரி நீரைப் பருகி வாழும் சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்குக் கடல் என்பது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு செய்தி. ஆயினும் இவ்வட்டாரத்து இல்லங்கள் சிலவற்றில் இன்று கடல்மீன்கள் கண்ணாடித் தொட்டியில் வாழ்கின்றன. 1909ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் எட்கர் தர்ஸ்டன் என்பாரின் முயற்சியால் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பெற்றது. அக்காட்சியகத்திற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. வேண்டும்போது நீரை முகந்து கொள்ளலாம். சேலத்தில் மீன் வளர்ப்போரோ கடலையே உப்பாக வாங்கி, வாளியில் கலக்கி, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அவ்வாறு அமைத்த சிறு கடலில் ஒட்டுண்ணி நோய் புகுந்தால் நேர்வது யாது, அதனை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விலங்கியல் துறையினர் எழுத வேண்டிய பொருளைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்ற வினா எழலாம். இந்நோயில் மீன்கள் மடிவதற்கு ஒட்டுண்ணி பாதி காரணம் எனில், அந்நோய்க்கு நாம் இட்டு வழங்கும் பெயர் மற்றொரு பாதிக் காரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஒரு பெயர், மூன்று நோய்

'வெண்புள்ளி நோய்' என்ற தொடரைத் தமிழ்நாட்டில் மீன் வளர்ப்போர் யாவரும் அறிவர். ஆனால் அத்தொடர் ஒரு நோயைக் குறிப்பதன்று. குளத்திலும் ஆற்றிலும் வாழும் நன்னீர் மீன்களின் உடலில் வெண்புள்ளிகளை உண்டாக்கும் ஓரணு உயிரி ஒன்று உண்டு. அதற்கு அறிவியலார் இட்ட பெயர் இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்பதாம். 'பல மக்களை ஈனும் மீன்பேன்' என்பது அதன் பொருள். கடல்மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி உயிரி வேறு. அதனை 1937இல் ஜப்பானில் சிகாமா என்பார் விளக்கினார். 1951இல் பிரவுன் என்பார் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்று பெயரிட்டார். 'மறைந்த கரு உடையது' என்பது அப்பெயரின் முதற்பகுதிக்குப் பொருள். இவ்விரு உயிரிகளும் தோற்றத்தாலும் வாழ்க்கை முறையாலும் இரட்டைப் பிள்ளைகள் போல் தோன்றினும், நெருங்கிய உறவுடையன அல்ல என்று பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. மூன்றாவது, 1994, 1995ஆம் ஆண்டுகளில் தமிழகக் கடலோர இறால் பண்ணைகளை அழித்த நோய். அதற்கும் நம்மவர் இட்ட பெயர் வெண்புள்ளி நோயே. அதுவோ ஒட்டுண்ணியே அன்று. அது வைரஸால் விளைவது.

பெயர் ஒன்றாயின் மருந்தும் ஒன்றே என்று மக்கள் கருதுவது இயல்பு. இங்குதான் இடர் தொடங்குகிறது. நன்னீர்த் தொட்டியில் வெண்புள்ளி கண்டால் கல்லுப்பு இடுவது நெடுநாள் வழக்கம்; அதனால் பயனும் உண்டு. கடல்நீர்த் தொட்டியில் வெண்புள்ளி கண்டால் செய்ய வேண்டுவனவற்றுள் ஒன்று, உப்பைக் குறைத்தல். ஒரே பெயருடைய இரு நோய்களுக்கு மருத்துவம் நேர் எதிராக அமைந்திருப்பதை எண்ணிப் பார்க்குமிடத்துக் கலைச்சொல்லாக்கம் என்பது ஏட்டளவில் நின்றுவிடும் பணியன்று என்பது புலனாகும்.

கண்டறிந்த ஒரு நிகழ்ச்சி

இக்கட்டுரையாளரின் இல்லத்தில் மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் இரு கோமாளி மீன்களும் நீல நிற டேம்செல் மீன்கள் மூன்றும் ஓராண்டுக்கு மேல் நலமாக வாழ்ந்தன. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன், பிள்ளைகளின் விருப்பத்திற்காக வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று வாங்கி, பையை அரைமணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, அன்றே தொட்டியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அதன் செதிலில் ரவை ஒட்டியது போல் ஏழெட்டுப் புள்ளிகள் தோன்றின. மீன் கல்லில் உடலை உரசிக் கொண்டது. வாங்கிய கடையில் வினவியபோது நீல நிற மருந்துப் புட்டி ஒன்றைத் தந்து, கூடவே அரைக்கிலோ கல்லுப்பும் இடுமாறு கூறினர். அவ்வாறே செய்தோம்.

ஆறாம் நாள் காலையில் புள்ளி ஒன்றும் இல்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று வீட்டில் அனைவரும் மகிழ்ந்தனர். கடைக்காரருக்குத் தொலைபேசியில் நன்றியும் சொன்னோம். பதின்மூன்றாம் நாள் விடிந்தபோது ஆறு மீன்களின் மேனியும் உப்புத் தூவியது போல் இருந்தது. வாயை நீர்மட்டத்தில் வைத்து மூச்சுக்குத் திணறின. முதலில் வண்ணத்துப்பூச்சி மீன் போயிற்று. அடுத்த இரு நாளில் டேம்செல் மூன்றும் ஒரு கோமாளி மீனும் போயின. இளைய மகன், "அத்தா, மருந்து போட்டோமே, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு அன்று விடை கூற இயலவில்லை.

விடை கிடைத்தது நூலகத்தில் அன்று; நாமக்கல்லுக்கு அருகே கோழிப்பண்ணை நடத்தும் மைத்துனரின் கொட்டகையில். நடந்ததைக் கேட்டவர் சிரித்துவிட்டார். "மச்சான், கோழிக்கு மருந்து குடுத்துட்டுக் கூளத்த அப்படியே விட்டா இரத்தக் கழிச்சல் போகுமா? நீங்க மீனப் பாத்தீங்க, கூளத்தப் பாக்கல" என்றார்.

கூளமும் தொட்டியும்

முட்டைக்கும் கோழிக்கும் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் இரத்தக் கழிச்சலை அறியாதார் இலர். இந்நோயை உண்டாக்கும் ஓரணு உயிரி கோழியின் குடலில் பெருகி, எச்சத்தின் வழியே உறையுடைய நுண்முட்டையாகக் கூளத்தில் விழுகிறது. விழுந்தவுடன் அதற்குத் தொற்றும் ஆற்றல் இல்லை. கூளத்தின் ஈரமும் வெம்மையும் காற்றும் பெற்று ஓரிரு நாளில் முதிர்ந்த பின்னரே, அதனைக் கொத்தி விழுங்கும் குஞ்சுக்கு நோய் வருகிறது. ஆகலின் பட்டறிவுடைய பண்ணையாளர் குஞ்சை மட்டும் நோக்குவதில்லை. கூளத்தைக் கிளறி உலர்த்துகிறார், தண்ணீர்த் தொட்டி ஒழுகாமல் காக்கிறார், ஒரு தொகுதிக் கோழிகள் வெளியேறிய பின் கூளம் முழுவதையும் அகற்றிக் கொட்டகையை வெறுமையாக விட்டபின்னரே மறு தொகுதியை ஏற்றுகிறார்.

கடல்மீனின் வெண்புள்ளி உயிரியும் இவ்வாறே வாழ்கிறது. அதன் வாழ்க்கை நான்கு நிலைகளை உடையது. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்குள்ள அணுக்களையும் நீர்மத்தையும் உண்டு 3 முதல் 7 நாள் வரை வளர்வது முதல் நிலை. நாம் காணும் புள்ளி இதுவே. அரை மில்லிமீட்டர் அளவினதாகக் கண்ணுக்குத் தெரிவதும் இந்நிலை ஒன்றே. வயிறு நிறைந்ததும் அது தானே மீனை விட்டு நீங்குகிறது. பெரும்பாலும் இருளில் நீங்குகிறது. மருந்து இட்டாலும் இடாவிட்டாலும் நீங்கும். எம் இல்லத்தில் ஆறாம் நாள் காலையில் புள்ளிகள் மறைந்தது இதனாலேயாம். நாங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டியது மருந்துக்கு அன்று, நாட்காட்டிக்கு.

மீனை விட்டு விழுந்த உயிரி சில மணி நேரம் தொட்டியின் அடியில் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கடினமான உறை அமைத்துக் கொள்கிறது. உறைக்குள் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிளந்து இருநூறு வரை பெருகுகிறது. இதற்கு ஆகும் காலம் ஒரே அளவினதன்று. சில உறைகள் 3 நாளில் வெடிக்கும். பல ஒரு வாரத்தில் வெடிக்கும். சில நான்கு வாரம் கிடக்கும். 72 நாள் வரை கிடந்து வெடித்ததையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். வெளிப்பட்ட குஞ்சுயிரிகள் மயிர்போன்ற இழைகளால் நீந்தி மீனைத் தேடும். ஓரிரு நாளுக்குள் மீன் கிட்டாவிடில் மடிந்து போகும்.

பத்துப் புள்ளிகள் விழுந்தால் இரண்டாயிரம் வேட்டைக்காரர் எழுவர். மன்னார் வளைகுடாவில் இவ்விரண்டாயிரத்தில் மீனைக் கண்டடைவன மிகச் சிலவே; மீனோ நீந்திப் பல காதம் சென்றிருக்கும். மூன்றடித் தொட்டியில் மீன் எங்கே செல்லும்? கடலில் இயல்பாக உடன் வாழும் ஓர் உயிரி தொட்டியில் கொள்ளைநோயாக மாறுவதற்குரிய காரணம் அதன் கொடுமையன்று, இடத்தின் குறுக்கமே.

இனி, மருந்தியலின் பூட்டு எங்குள்ளது என்பதைக் காண்போம். தோலுக்கு அடியில் இருக்கும் நிலைக்கு மருந்து எட்டாது. உறைக்குள் இருக்கும் நிலைக்கும் எட்டாது. நீந்தித் தேடும் அந்தச் சில மணி நேரமே மருந்துக்கு அகப்படும் காலம். ஆகவே மருத்துவம் என்பது ஒருநாள் ஊற்றுவதன்று; கடைசி உறை வெடிக்கும் வரை காத்து நிற்பது.

நான்கு நிலைகளுக்குத் தமிழ்ப்பெயர்

இந்நான்கு நிலைகளுக்கும் கிரேக்க வேர்களைக் கொண்டு டுரோஃபான்ட், புரோட்டோமான்ட், டோமான்ட், தெரான்ட் என்று பெயர் வழங்குகின்றனர். இவற்றை ஒலிபெயர்த்து விடுவது எளிது. மாணவர்க்கு அதனால் பயன் சிறிது. செயலை நோக்கிப் பெயரிட்டால் முறையே உண்நிலை, ஊர்நிலை, உறைநிலை, வேட்டைநிலை எனலாம். இவற்றுள் உறைநிலை என்பது இயற்பியலில் நீர் பனியாகும் வெப்பநிலைக்கு முன்பே பட்டா செய்யப்பட்ட சொல். ஆதலின் அதனை விடுத்துப் 'பொதிநிலை' என்று கொள்வது நன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பொதிக்குள் பலவாக அடங்கியிருத்தல் என்ற பொருளும் அதனால் கிட்டுகிறது. வேட்டைநிலை என்பதில் ஐயமில்லை. கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே.

இச்சொற்களைக் கையாண்டு பார்த்தால் மருத்துவ விதி ஒரே தொடரில் அமைந்துவிடுகிறது: புள்ளி உண்நிலை, மருந்து வேட்டைநிலைக்கு, காத்திருப்பு பொதிநிலைக்கு. 'வெண்புள்ளி நோய்' என்ற பெயர் இம்மூன்றில் முதலாவதை மட்டுமே காட்டுகிறது; கண்ணையும் கருத்தையும் மீனின் தோலிலேயே கட்டிவைக்கிறது.

சேலம் வட்டாரத்துச் சூழல்

நோய் வருமுன் மீனைத் தளரச் செய்யும் காரணங்கள் இவ்வட்டாரத்தில் சில உண்டு. சேலம், நாமக்கல் பகுதிகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினத்தன்மை மிக்கது. ஃபுளூரைடு மிகுந்த ஊர்களும் உள. ஆழ்துளைக் கிணற்று நீரில் கடலுப்பைக் கலப்பது ஏற்றதன்று. குடிநீர்க் குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின் உண்டு. அது மீனின் செவுளை எரிக்கும். சவ்வூடு வடித்த நீரில் கலப்பதே பாதுகாப்பானது. நூறு லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ என்ற கணக்கில், கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடலுப்பே இடல் வேண்டும். சமையல் உப்பில் கடலின் மக்னீசியமும் கால்சியமும் ஏனைய பிறவும் இல்லை.

சித்திரை வைகாசி வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும். வெம்மை மிகுந்த நீரில் உயிர்வளி குறையும். ஒட்டுண்ணியின் வளர்ச்சியோ விரையும். செவுளில் ஒட்டுண்ணி ஏறிய மீனுக்கு இவ்விரண்டும் ஒருசேர வாய்ப்பது பேரிடர். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றி உப்பு நீரால் அன்று. 2012ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டுக் காலத்தை அறிந்தோர்க்கு மின்கலத்தால் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மருத்துவத் தொட்டியும் மயில்துத்தமும்

நோய் கண்டால் முதற்பணி, மீன்கள் அனைத்தையும் வேறொரு தொட்டிக்கு மாற்றுதல். புள்ளி உள்ள மீனை மட்டும் மாற்றுவது பிழை. புள்ளி தெரியாத மீனின் செவுளில் நூறு இருக்கலாம். அத்தொட்டியில் மணலும் கல்லும் வேண்டா. ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளும், பஞ்சு வடிகட்டியும், காற்றுக்குழாயும் போதும்.

மருந்துகளுள் பழமையானதும் உறுதியானதும் செம்பு. நம்மவர் மயில்துத்தம் என வழங்கும் செம்புச் சல்பேட்டே அது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சுண்ணாம்புடன் கலந்து போர்டோ கலவையாகத் தெளிக்கப்பெறுவதும் இப்பொருளே. கடல்நீரில் தனிச்செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. மிகுந்தால் மீன் சாகும். மயில்துத்தப் படிகத்தில் நாலில் ஒரு பங்கே செம்பு. ஆய்வகத் தரமுள்ள படிகம் 1 கிராமை ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்தால், அக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் கால் மில்லிகிராம் செம்பு இருக்கும். நூறு லிட்டர் தொட்டிக்கு 60 மில்லிலிட்டர் கரைசல் இட்டால் 0.15 என்ற அளவு கிட்டும். அதனையும் ஒருசேர ஊற்றாமல் நாளுக்கு 20 மில்லிலிட்டராக மூன்று நாளில் இடுவது மீனுக்கு இதம்.

இங்குக் கணக்கில் தவறுவோர் பலர். எம் தொட்டியை வெளியளவால் பெருக்கினால் 190 லிட்டர் வரும். ஆனால் கல், மணல், மேலே விட்ட இடம் இவற்றைக் கழித்தால் நீர் 160 லிட்டரே. வெளியளவை நம்பி மருந்திட்டால் ஐந்தில் ஒரு பங்கு மிகையாகும். செம்புக்கும் மரணத்துக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு அகலமானதன்று. மேலும் கடல்நீரின் காரத்தன்மையால் செம்பு படிந்து குறைந்து கொண்டே வரும். ஆதலின் சோதனைப் பெட்டியால் நாளுக்கு இருமுறை அளந்து, குறைந்ததை ஈடுசெய்து, மூன்று வாரத்திற்குக் குறையாமல் அந்த அளவை நிலைநிறுத்த வேண்டும். சோதனைப் பெட்டி வாங்க மனமில்லாதார் செம்பைத் தொடாமலிருப்பதே நன்று.

செம்பை முதன்மைத் தொட்டியில் ஊற்றலாகாது. இறால், நண்டு, கடல் சாமந்தி ஆகியவை அதனால் உடனே மடியும். சங்கும் சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் செம்பை ஈர்த்துக்கொண்டு, அளவைத் தடுமாறச் செய்து, பின்னர் நீரிற் கசியவும் விடலாம். தொட்டி நன்னீர் போல் தெளிவாக இருந்தும், மாதங்கள் கழித்து விடப்பட்ட இறால் காரணம் தெரியாமல் சாவதற்கு இது ஒரு காரணம்.

செம்பு வேண்டாதார்க்கு இருவழிகள் உள. ஒன்று, உப்பைக் குறைத்தல். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. இதனை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக 15 கிராம் அளவுக்கு இறக்கி, மூன்று நான்கு வாரம் வைத்தால், மீன் தாங்கும். வெண்புள்ளி உயிரியின் பொதியும் வேட்டைநிலையும் பெரும்பாலும் தாங்கா. 'பெரும்பாலும்' என்றது, குறையுப்பைத் தாங்கும் வகைகளும் அறியப்பட்டிருத்தலின். மீண்டும் உப்பை ஏற்றும்போது இறக்கியதினும் மெதுவாக ஏற்றல் வேண்டும்.

மற்றொன்று மருந்தே வேண்டாத வழி. நாட்கணக்கை மட்டும் நம்பியது. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைப் புதுநீர் நிரப்பிய உலர்ந்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய தொட்டியில் விழுந்த பொதிகள் வெடிப்பதற்குள் மீன் அகன்றிருக்கும். தொட்டியை வடித்து, கழுவி, உலர்த்திவிடலாம். நான்கு முறை இவ்வாறு மாற்றினால் மீனில் இருந்தவை யாவும் கழன்றுவிடும். இதனைக் கேட்ட மைத்துனர், "இதத்தானே நாங்க கொட்டகைக்குக் கொட்டகை செய்யறோம்" என்றார். இக்கட்டுரையாளர் இம்முறையையே மேற்கொண்டு, எஞ்சிய ஒரு கோமாளி மீனைக் காத்தார். நீரும் உப்பும் மிகுதியாகச் செலவாகும். ஆனால் அளவு பிழைத்து மீனைக் கொல்லும் அச்சம் இல்லை.

மீனில்லாத முதன்மைத் தொட்டியை என் செய்வது? குறைந்தது ஆறு வாரம் மீனின்றி ஓடவிட வேண்டும். 72 நாள் கிடந்த பொதிகளை எண்ணினால் பதினொரு வாரம் விடுவது உறுதியானது. உயிர்ப்பவளம் வளர்ப்போர்க்கு அயல்நாடுகளில் இது ஒன்றே வழி. நம் நாட்டில் பவளப்பாறை இனங்கள் 2001ஆம் ஆண்டு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பினுள் கொண்டுவரப்பட்டுள்ளமையின் அவற்றை எடுத்து வந்து வீட்டில் வைத்தல் கூடாது. கல்லும் மணலும் மட்டும் உள்ள தொட்டிக்கு எளிய வழி உண்டு. நீர் முழுவதையும் வடித்து, கல்லையும் மணலையும் வெளியே பரப்பி, வறவற என்று உலரும்வரை வெயிலில் காயவிடலாம். பொதி உலர்ச்சியைத் தாங்காது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வாய்க்காத இந்நலம் சேலத்து வெயிலில் இரண்டு மூன்று நாளிலேயே வாய்க்கிறது. ஆனால் மீன்கழிவை மாற்றும் நற்பாக்டீரியாக்களும் அவ்வெயிலில் மடியும். தொட்டி மீண்டும் பதப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

பூண்டுச்சாறு ஊட்டினால் நோய் போகும் என்பாரும், தூய்மையாளர் மீன் புள்ளிகளைத் தின்றுவிடும் என்பாரும் உளர். முன்னதற்கு உறுதியான சான்றில்லை. பின்னது, மேல்தோலில் ஒட்டும் சிறு நண்டினப் பேன்களைத் தின்னுமேயன்றித் தோலுக்கு அடியில் உள்ளதை எடுக்க வல்லதன்று. அம்மீனே நோயுற்று மடிவதும் உண்டு.

வேறு சில ஒட்டுண்ணிகள்

வெண்புள்ளியினும் விரைந்து கொல்வது அமைலூடினியம் என்பது. புள்ளியாகத் தோன்றாமல், பொன்மாவு தூவிய வெல்வெட்டுப் போல் பக்கவாட்டு ஒளியில் மட்டும் தெரியும். பலவேளை அதுவும் தெரியுமுன் செவுளடைத்து மீன் மடியும். உப்பைக் குறைப்பதால் இது சாகாது; செம்பே வேண்டும். மலேரியா மருந்தாகிய குளோரோகுயினும் பயன்படும். ஆனால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்கதன்று. புருக்ளினெல்லா என்பது கோமாளி மீனுக்கே உரிய பகை போன்றது. உடலெங்கும் சளி உரிந்து தொங்கும். இது மீனின் மேலேயே இரண்டாகப் பிளந்து பெருகுவது. பொதிநிலை இதற்கு இல்லை. செம்பு இதற்குப் பயன் தாராது. குறித்த அளவில் ஃபார்மலின் குளிப்பே மருந்து. குஞ்சுப் பொறிப்பகங்களில் ஃபார்மலினைக் கையாள்வோர் அதன் நெடியையும் தீங்கையும் அறிவர். கையுறையும் காற்றோட்டமும் இன்றித் தொடலாகாது.

தட்டைப்புழுக்கள் கண்ணாடி போல் தெளிந்தவை. மீனின் மேல் இருந்தும் தெரியா. உப்புநீருக்கு ஒத்த வெம்மையும் காரமும் உடைய நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் இட்டால், புழுக்கள் வெண்ணிறமாகிக் கழன்று விழும். இது மருத்துவம் ஆவதினும் கண்டறியும் சோதனை ஆவதே சிறப்பு. முட்டைகள் தொட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தனிமைத் தொட்டி

மேற்கூறிய அனைத்தும் நோய் வந்தபின் செய்வன. எம் இல்லத்து நிகழ்ச்சியில் உண்மையான பிழை கல்லுப்பு அன்று; பையைத் திறந்து அன்றே மீனைச் சேர்த்தது. கடலில் பிடிக்கப்பட்ட மீன், சேலம் வந்து சேருமுன் பல இடத்து மீன்களோடு பொதுத்தொட்டிகளில் தங்கி, சென்னைக் கொளத்தூர் போன்ற சந்தைகளைக் கடந்து, உயிர்வளி அடைத்த பையில் இரவுப் பேருந்தில் வருகிறது. அவ்வழியில் எந்தத் தொட்டியில் எதனைப் பெற்றது என்பதை யாரும் அறியார்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி (கி.பி. 639) ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அந்நாடு நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் செய்தி அறிந்து தோழர்களைக் கலந்தார்கள். கருத்து வேறுபட்டது. இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று படைத்தலைவர் அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியதும், ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் கலீஃபா விடையளித்ததும் வரலாறு. பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நோய் கண்ட ஊருக்குள் செல்லாதிருக்கவும், அவ்வூரில் இருப்போர் அங்கிருந்து ஓடாதிருக்கவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். கலீஃபா திரும்பினார்கள். பின்னும் ஏழு நூற்றாண்டு கழித்து, 1377இல், அட்ரியாட்டிக் கடற்கரையின் ரகுசா நகரம் வெளியூர்க் கப்பலில் வந்தோரை 30 நாள் தனியே வைத்தது. அது நாற்பது நாளாக நீண்டு, அயல்மொழிகளில் தனிமைக்காலத்திற்கே நாற்பது என்ற எண் பெயராயிற்று.

நாள் எத்தனை என்பதை நோயின் வாழ்க்கை வட்டமே முடிவு செய்யும். புதுமீனை நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்தல் வேண்டும். அத்தொட்டிக்கென வலையும் வாளியும் வேறாக இருத்தல் வேண்டும். ஈரக்கையால் ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குச் செல்வதே போதும், நோய் தாவ. நாமக்கல் பண்ணைகளின் வாயிலில் கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைத்துச் செல்லும் வழக்கம் இதன் பொருட்டே.

கடலில் பிடித்த மீனை விடுத்துப் பொரிப்பகத்தில் பிறந்த மீனை வாங்குவதும் ஒரு காப்பு. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை நிலைநாட்டியுள்ளன. முத்துக்குளித்தலுக்கும் கப்பலோட்டத்திற்கும் பெயர்பெற்ற மரைக்காயர்களின் கடற்கரையிலிருந்து இன்று மீன்குஞ்சும் வருகிறது என்பது மகிழத்தக்கது. ஆயினும் பொரிப்பக மீனும் கடைத்தொட்டியில் ஓரிரவு தங்கியிருந்தால் அதற்கும் தனிமைக்காலம் உண்டு.

இக்கட்டுரை எழுதும் நாளில், எஞ்சிய கோமாளி மீனுக்குத் துணையாக வாங்கிய குஞ்சு ஒன்று மாடிப்படியின் கீழ் 60 லிட்டர் தொட்டியில் இருக்கிறது. தொட்டியின் மேல் ஒட்டிய தாளில் இளைய மகன் நாள்தோறும் ஒரு கோடு இழுக்கிறான். இன்று இருபத்து மூன்றாவது கோடு. பள்ளி விட்டு வந்ததும், "அத்தா, இன்னும் பத்தொம்போது" என்கிறான்.